கடைசி வரியில் ஒரு ‘வாங்கு’

ஹெட்ஜ் ஃபண்ட் வேலைக்கு நான் தயாரானது ஒரு பல் நாற்காலியில் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களுக்கு வாயைத் திறந்து என் கடைவாய்ப் பல்லைக் காட்டத் தயார். ஒத்திகையின் நடுவில், “இங்க ஒண்ணு ஆரம்பிக்குதே” என்று என் மனைவி கண்டுபிடித்து அடைத்த பல் அது.

என் மனைவி பல் டாக்டர். மருந்துக் கடைக்கு மேல்மாடியில் சொந்தக் கிளினிக் திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. வரவேற்பு மேசையில் என் மாமனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னம் வீங்கி, கண்ணில் நீரோடு ஏறி வருகிறவரிடமும் முதலில் கையை நீட்டி, “டோக்கன்?” என்பார்.

நான் ஒரு வங்கியின் பின்கட்டில் வேலை பார்த்தேன். முன்கட்டில் டிரேடர்கள் இருப்பார்கள். ஒரு நாட்டுக் கரன்சியை வாங்குவார்கள், இன்னொன்றை விற்பார்கள். நடந்த ஒவ்வொரு வியாபாரத்தையும் எதிர்த்தரப்புக்கு எழுத்தில் உறுதிசெய்து அனுப்புவது பின்கட்டு. சமையல் அவர்களுடையது, பாத்திரம் கழுவுவது எங்களுடையது. அந்த வருடம் வங்கிக்கு ஒரு ஞானோதயம் வந்தது: பாத்திரத்தை வாடகை குறைந்த ஊரில் கழுவினால் என்ன? துறை மொத்தமும் ஓர் இரவு ரயில் தூரத்தில் உள்ள ஊருக்குப் போகிறது, வருகிறவர்கள் மாதக் கடைசிக்குள் சொல்லலாம், வராதவர்கள் தாராளமாக வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வந்தது. தாராளமாக என்ற சொல் அப்படியே இருந்தது.

மனைவியின் கிளினிக்கில் அப்போதுதான் பெஞ்சு நிறைய ஆரம்பித்திருந்தது. அதைப் பிடுங்கி வேறு ஊரில் நட முடியாது. நான் மட்டும் போனால், ஏதாவது ஒற்றை அறையில் தங்கி, சனிக்கிழமை ரயிலில் விருந்தாளியாக வந்து போகலாம். ஏழு வருடக் கல்யாணத்துக்குப் பிறகு சொந்த வீட்டிலேயே காலிங்பெல் அடித்துவிட்டு நிற்க எனக்கு மனசில்லை.

மற்ற வங்கிகள் தங்கள் பாத்திரங்களை முன்பே அனுப்பிவிட்டன. ஊரில் மிச்சம் இருந்தவை குளோபல் மேக்ரோ என்ற வகை ஹெட்ஜ் ஃபண்டுகள் சில. எந்த நாட்டில் வட்டி ஏறும், எந்தக் கரன்சி இறங்கும், எந்த உலோகத்துக்குக் கிராக்கி வரும் என்று யோசித்து, அந்த யோசனையின் மேல் பணத்தைக் கட்டுகிற இடங்கள். உலகம் முழுவதும் அவர்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. எங்கே பாத்திரம் விழுந்தாலும் சுவரில் காதை வைப்பார்கள். எனக்கு அந்த வேலைமேல் வெகு நாளாக ஒரு கண். கண் மட்டும்தான், கால் எடுத்து வைத்ததில்லை. இப்போது பின்னால் இருந்து தள்ளிவிட்டார்கள்.

முதல் இண்டர்வியூவில், பத்து வருடக் கடன் பத்திரத்தின் வட்டி இப்போது எவ்வளவு என்று கேட்டார்கள். டாண் என்று சொன்னேன், நேற்றைய வட்டியை. அவர்களுக்கு நேற்று என்பது சரித்திரப் பாடம். இரண்டாவது இடத்தில் என் கருத்தைக் கேட்டார்கள். ஒரு பக்கம் பார்த்தால் என்று ஆரம்பித்து, இன்னொரு பக்கம் பார்த்தால் என்று தொடர்ந்து, மூன்றாவதாக ஒரு பக்கத்தையும் திறக்கப் போனேன். எதிரில் இருந்தவர், “எங்களுக்கு ஒரு பக்கம் போதும் சார்” என்று கும்பிடு போட்டுவிட்டார்.

மூன்றாவது ஒரு சின்ன ஃபண்ட். மாதக் கடைசிக்கு முன் எனக்குக் கிடைத்த கடைசி இண்டர்வியூவும் அதுதான். வரும்முன் ஒரே ஒரு தாள் அனுப்பச் சொன்னார்கள். எதை வாங்கலாம் அல்லது விற்கலாம், ஏன், எந்த விலையில் நுழைவது, எந்த விலைக்குப் போனால் நான் நினைத்தது தப்பு என்று ஒத்துக்கொண்டு வெளியேறுவது. அந்தக் கடைசி விலைக்கு ஸ்டாப் என்று பெயர்.

அதன் பிறகு நான் வீட்டில் மனிதனாக இல்லை. சாப்பிடும்போது மத்திய வங்கிக் கவர்னர்களின் பேச்சைக் கேட்டேன். கடைக்குப் போனால் விலையைப் பார்த்து அங்கேயே நின்று யோசித்தேன். “தக்காளி வாங்கிட்டு வரச் சொன்னா பணவீக்கம் வாங்கிட்டு வர்ற” என்றாள் மனைவி. ஆனால் ஒத்திகைக்கு நேரம் ஒதுக்கினாள். ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கிற இடைவெளிதான் அந்த நேரம். உட்கார வேறு இடம் இல்லாததால் நான் பல் நாற்காலியில் சாய்ந்துகொள்வேன். அவள் விளக்கை என் முகத்தில் திருப்புவாள், பழக்கதோஷத்தில்.

“என்ன யோசனை?”

“செம்பு ஏற்றுமதி பண்ற ஒரு நாடு. அந்த நாட்டுக் கரன்சியை வித்துடணும். விழப் போகுது. விழுந்ததும் மலிவாத் திரும்ப வாங்கிக்கலாம்.”

“ஏன் விழும்?”

“செம்பை வாங்குற நாட்டுல வீடு கட்டுறது குறைஞ்சுபோச்சு. வீடு இல்லைன்னா ஒயர் இல்ல. ஒயர் இல்லைன்னா செம்பு எதுக்கு?”

“சரி. நீ சொல்றது தப்புன்னு எப்போ தெரியும்?”

“தப்பாகாது.”

“வாயைத் திற.”

திறந்தேன். கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தாள். “எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்லைன்னு அடிச்சுச் சொல்றவங்களைத்தான் நான் முதல்ல எக்ஸ்ரே எடுப்பேன். எப்போ தெரியும்னு சொல்லு.”

வாயில் கண்ணாடியோடு எப்படிச் சொல்வது? ஆனால் அன்று சாயங்காலமே ஸ்டாப் விலையைக் குறித்தேன். கரன்சி அந்த அளவுக்கு ஏறிவிட்டால் என் செம்புக் கதை பொய், வெளியே வந்துவிட வேண்டும்.

ஒத்திகையின்போது வெளியே பெஞ்சில் ஒருவர் பொறுமை இழந்து மாமனாரிடம் விசாரித்தது என் காதில் விழுந்தது. “அவருக்கு என்ன சார் இவ்வளவு நேரம்? எந்தப் பல்லு?”

“பல் இல்லைங்க. செம்பு.”

“செம்புலயா பல் கட்டுறாங்க?”

“நீங்க டோக்கனைப் பத்திரமா வச்சுக்குங்க.”

மாமனாருக்கு என் தொழில் புரியாது. ஆனால் இண்டர்வியூ என்றால் என்ன என்பது பற்றித் திட்டவட்டமான அபிப்பிராயம் இருந்தது.

“மாப்பிள்ளை, டிக்கெட் இல்லாம வர்றவன்ல ரெண்டு ரகம். ஒருத்தன் மென்னு முழுங்குவான், அவனுக்கு ஃபைன். இன்னொருத்தன் என் கண்ணைப் பார்த்து, ‘சார், டிக்கெட் என் சம்சாரத்துகிட்ட இருக்கு, அவ லேடீஸ் பெட்டியில இருக்கா’ம்பான். அந்த வண்டியில லேடீஸ் பெட்டியே இருக்காது. ஆனாலும் விட்டுடுவேன். ஏன் சொல்லுங்க?”

“ஏன் மாமா?”

“நிதானம். அந்த நிதானத்துக்கு ஒரு மரியாதை. நீங்களும் அங்க எது கேட்டாலும் தெரியலைன்னு சொல்லாதீங்க. தப்பாயிடுச்சுன்னா வேணும்னேதான் செஞ்சேன்னு சொல்லுங்க.”

தாள் போயிற்று. அனுப்புமுன் மனைவி எழுத்துப் பிழை பார்த்தாள், மாமனார் தேதி பார்த்தார், நான் வரைபடத்தின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சைக்கும் பச்சையிலிருந்து நீலத்துக்கும் மாற்றினேன். மறுநாள் ஃபண்டிலிருந்து, மேடம் வெளியூர் போகிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்று செய்தி.

அந்த ஒரு வாரத்தில் செம்பு நாட்டுச் சுரங்கம் ஒன்றில் வேலைநிறுத்தம் வந்தது. வரத்து குறைந்து செம்பு விலை ஏறியது. கூடவே கரன்சியும் ஏறியது. விழும் என்று நான் கை நீட்டிக் காட்டிய கரன்சி, தினமும் காலையில் என்னைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே படியேறியது. ஸ்டாப் விலை வரைக்கும் போகவில்லை, பாதிக்கு மேல் வந்துவிட்டது. வேலைநிறுத்தம் தற்காலிகம், வீடு கட்டாதது நிரந்தரம் என்று நான் நாற்காலியில் சாய்ந்து வாதாடினேன். பதிலை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன்.

அந்த அலுவலகத்தில் சத்தமே இல்லை. நான் எதிர்பார்த்தது மூன்று போன்களில் ஒரே நேரத்தில் கத்துகிற ஆட்களை. இங்கே வரிசையாகத் திரைகள், திரைக்கு முன்னால் ஒருவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். உரிக்கிற சத்தம் கேட்டது.

கண்ணாடி அறையில் என் எதிரே இரண்டு பேர். ஃபண்டை நடத்துகிற மேடம். தோளில் சால்வை, காலில் வீட்டுச் செருப்பு. பக்கத்தில் ஒல்லியாக ஓர் அனலிஸ்ட், என் தாளை மேசையில் வைத்து ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க” என்றார் மேடம்.

சொன்னேன். வீடு, ஒயர், செம்பு, வட்டி, வேலைநிறுத்தம் தற்காலிகம், எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது. எனக்கே கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. அனலிஸ்ட் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பி, அடியில் விரலை வைத்தார்.

“முழுப் பக்கமும் விழும், விழும்னு எழுதியிருக்கீங்க. கடைசி வரியைக் கொஞ்சம் படிங்க.”

படித்தேன். பரிந்துரை: வாங்கு.

“விழப்போறதை ஏன் சார் வாங்குறீங்க?” என்றார். “அதுவும் ஸ்டாப், நுழையிற விலைக்கு மேல இருக்கு. வாங்கினவன் விலை ஏறினா ஏன் அழணும்?”

இன்னொரு தடவை படித்தேன். எப்படி நடந்தது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்கட்டுக்காரன் எழுதுவது எதிர்த்தரப்புக்கு. எங்கள் வங்கி விற்றிருந்தால், அவர்களுக்குப் போகிற தாளில் ‘நீங்கள் வாங்குகிறீர்கள்’ என்றுதான் எழுத வேண்டும். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்து எழுதுவதுதான் முறை. வருடக்கணக்காக அதையே செய்து செய்து, எங்கே ‘விற்பனை’ என்று நினைத்தாலும் விரல் தானாக ‘வாங்கு’ என்று அடிக்கும். மூளை இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தது. விரலுக்குத் தகவல் போகவில்லை.

நான் வாயைத் திறக்குமுன் மேடம் பேசினார்.

“இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நீங்க தாள் அனுப்பின அன்னைக்கு விலை என்ன, இன்னைக்கு என்ன?”

“ஏறியிருக்கு மேடம்.”

“உங்க வாதத்தைக் கேட்டு வித்திருந்தா இன்னைக்கு நமக்கு நஷ்டம். உங்க கடைசி வரியைக் கேட்டு வாங்கியிருந்தா லாபம். நல்ல லாபம். இதுல நீங்க யாரு? வாதமா, கடைசி வரியா?”

மாமனார் சொன்ன லேடீஸ் பெட்டி கண்முன் வந்து நின்றது. கதவும் திறந்தே இருந்தது. வேண்டுமென்றேதான் எழுதினேன் மேடம், ஊரே விழும் என்று நினைக்கும்போது நான் வாங்குகிறவன், ஸ்டாப் மட்டும் தட்டச்சுப் பிழை. நிதானமாகக் கண்ணைப் பார்த்துச் சொன்னால் போதும், லாபம் என் பக்கம் சாட்சி சொல்லும். மாதக் கடைசி, ஒற்றை அறை, சனிக்கிழமை ரயில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என்னைத் தள்ளின. மேடத்தின் கண்ணைப் பார்த்தேன்.

“வாதம்தான் மேடம். கடைசி வரி கைப்பிழை.” விரலின் கதையைச் சொன்னேன். அனலிஸ்ட் முதன்முறையாகச் சிரித்தார். ஆரஞ்சு உரித்தவர்கூடக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

மேடம் சிரிக்கவில்லை. “சரி. நான் இந்தத் தாளை நம்பி, எழுதினபடியே வாங்கிட்டேன்னு வைங்க. இன்னைக்குக் காலையில நீங்க வர்றீங்க. விக்கச் சொன்னது வாங்கியிருக்கு. என்ன பண்ணுவீங்க?”

“மூடிடுவேன். வாங்கினதை உடனே வித்துடுவேன்.”

“லாபத்துல இருக்கு. இன்னும் ஏறும்போல இருக்கு.”

“பரவாயில்ல.”

“ஏன்?”

“அதை எதுக்கு வச்சிருக்கேன்னு யாராவது கேட்டா என்கிட்ட பதில் இல்ல மேடம். ஏன் வாங்கினேன்னு தெரியாது, அதனால எப்போ விக்கணும்னும் தெரியாது. இன்னைக்கு லாபம்னு வச்சிருப்பேன். நாளைக்கு நஷ்டம் வந்தாலும், திரும்ப வந்துடும்னு வச்சிருப்பேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் நினைச்சது இன்னும் சரின்னு பட்டா, சரியான பக்கத்துல போவேன். ஆனா பாதி அளவுதான்.”

“அது ஏன் பாதி?”

“ஒரு தடவை கை தவறினவனை நம்பி நானே முழுப் பணத்தையும் தர மாட்டேன்.”

மேடம் சால்வையைச் சரிசெய்துகொண்டார். “இதையெல்லாம் எப்போ என்கிட்ட சொல்வீங்க?”

“மூடினதும் வந்து சொல்வேன்.”

“தப்பு” என்றார், சட்டென்று. “முதல்ல என்கிட்ட சொல்லணும். பணம் என் பொறுப்பு. கையைக் காட்டி ‘மேடம், தப்பாயிடுச்சு’ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம் சேர்ந்து மூடலாம்.”

“சரி மேடம்.” எழுதிக்கொள்ளக் கையில் எதுவும் இல்லை, தலையை மட்டும் ஆட்டினேன். போயிற்று என்று நினைத்தேன். இத்தனை சொல்லிவிட்டுக் கடைசியில் கோட்டை விட்டேனே என்று இருந்தது.

இருவரும் எழுந்து வெளியே போனார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அனலிஸ்ட் ஏதோ சொல்லிக் கையை விரித்தார். மேடம் ஆரஞ்சுக்காரரிடமிருந்து ஒரு சுளை வாங்கி நிதானமாகத் தின்றார். பிறகு ஏதோ சொன்னார். அனலிஸ்ட் தோளைக் குலுக்கினார். குலுக்கல் நல்லதா கெட்டதா என்று என்னால் கணிக்க முடியவில்லை. உலகப் பொருளாதாரத்தைக் கணிக்க வந்தவன் நான்.

திரும்பி வந்து மேடம் உட்காரவில்லை.

“உங்க செம்பு யோசனை சுமார்தான். சுரங்கத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. அதெல்லாம் இவர் சொல்லித் தருவார். இங்க யோசனை எல்லாருக்கும் வருது, தப்புன்னு தெரிஞ்சதை மூடத்தான் ஆள் கிடைக்கிறதில்ல. ஆறு மாசம் சோதனை. இவருக்குப் பக்கத்து நாற்காலி. சம்பளம் இப்போ வாங்குறதை விடக் கம்மி, பரவாயில்லையா?”

“இதே ஊர்லதானே மேடம்?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். உலகமெல்லாம் பார்க்கிற இடத்துக்கு வந்தவன் கேட்கிற கேள்வியா அது? “வேற எங்க?” என்றார்.

தெருவுக்கு வந்ததும் கிளினிக்குக்குப் போன் போட்டேன். எடுத்தது மாமனார்.

“என்ன மாப்பிள்ளை, கண்ணைப் பார்த்துச் சொன்னீங்களா?”

“பார்த்துத்தான் சொன்னேன் மாமா. ஆனா உண்மையைச் சொல்லிட்டேன்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. ஆயிரம் பயணிகளுக்கு ஃபைன் எழுதிய பெருமூச்சு. “சரி விடுங்க. மனசைத் தளர விடாதீங்க. அடுத்த தடவை பார்த்துக்கலாம்.”

“வேலை கிடைச்சிடுச்சு மாமா.”

“உண்மையைச் சொன்னதுக்கா?” அவர் நம்பவில்லை. போனை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். பல் துளைக்கிற இயந்திரத்தின் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்து நின்றது.

“கிடைச்சிடுச்சா?” என்றாள் மனைவி.

“கிடைச்சிடுச்சு. இங்கேயேதான். சம்பளம் கொஞ்சம் கம்மி.”

அவள் மூச்சு முகமூடிக்குள் மோதுவது கேட்டது. பிறகு சாதாரணக் குரலில், “அப்போ அந்த ஊர் டாக்டருக்கு வரலைன்னு போன் பண்ணிடணும்” என்றாள்.

“எந்த ஊர் டாக்டருக்கு?”

“அதான், உங்க ஆபீஸ் போற ஊர்ல. அவங்க கிளினிக்குல வாரத்துல மூணு நாள் ஒரு நாற்காலி கேட்டு வச்சிருந்தேன். மூணு நாள் அங்க, மிச்ச நாள் இங்க. அப்பா டிரெயின் எல்லாம் பார்த்து வச்சுட்டாரு. எந்தப் பெட்டியில கூட்டம் இருக்காதுங்கிறது வரைக்கும்.”

நடைபாதையில் ஒருவர் என்மேல் மோதி, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். நான் நகரவில்லை. இத்தனை வாரமாக அவளுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன், ஒரே பக்கம் பணத்தைக் கட்டக் கூடாது, நினைத்தது நடக்காவிட்டால் கைகொடுக்க மறுபக்கமும் கொஞ்சம் போட்டு வைக்க வேண்டும், ஹெட்ஜ் என்பது அதுதான் என்று. நாற்காலியில் படுத்துக்கொண்டு விளக்கினேன். அவளும் முகமூடிக்குள்ளிருந்து ம் கொட்டினாள்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ படிக்கிறதை நிறுத்திடுவ.”

மறுக்க வாயெடுத்தேன். அவள் சொன்னது சரி.

“நீ அங்க தனியா இருந்துக்குவன்னு நினைச்சியா?” என்றாள். “சட்டைக்கு இஸ்திரி போடவே தெரியாது உனக்கு. இன்னைக்குப் போட்டது யாரு?”

“நீ.”

“அப்பா.”

பின்னால் யாரோ வாயில் பஞ்சோடு “ஆங்… ஆஆங்” என்றார்கள்.

“என்ன சொல்றாரு?” என்று கேட்டேன்.

“உனக்கு வாழ்த்தாம். இவர்தான் அன்னைக்கு செம்புல பல்லான்னு கேட்டவரு. தலையை ஆட்டாதீங்க சார், ஊசி போட்டிருக்கு. சரி, நீ நேரா இங்க வா. வர்ற வழியில…” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். “ஒண்ணும் வேண்டாம். நீ வா.”

வந்த பஸ்ஸில் ஏறினேன். இரண்டு நிறுத்தம் கழித்துத்தான் தெரிந்தது, அது எதிர்ப்பக்கம் போகிற பஸ் என்று. மணியை அடித்து, உடனே இறங்கிவிட்டேன்.